சுத்தமான தேனும் கல்லுப்பும்: எது தூய பொருள், எது கலவை?

கேள்வி
பதிந்தவர்: தக்கலை அம்மா

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குச் சென்ற வாரம் நடந்த வகுப்புத் தேர்வில், வீட்டில் அன்றாடம் புழங்கும் பத்துப் பொருள்களைக் கொடுத்து, அவற்றைத் தனிமம், சேர்மம், கலவை என்று வகைப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். தேன், தேங்காய் எண்ணெய், உப்பு, ரப்பர் பால் ஆகிய நான்கும் அவளுக்குத் தவறாகிவிட்டன. மதிப்பெண் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஏன் தவறு என்று கேட்டதற்குப் 'புத்தகத்தைப் பார்' என்ற ஒரு சொல்லோடு அவளை அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. நான் வணிகவியல் படித்தவள். புத்தகத்தைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

அவள் எழுதியதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. என் சித்தப்பா மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் விளைகளில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். அடையிலிருந்து தேன் எடுக்கும்போது என் மகள் அருகிலேயே நின்றிருக்கிறாள். அதில் ஒரு சொட்டு வேறெதுவும் சேரவில்லை என்பது அவளுக்குக் கண்கூடாகத் தெரியும். ஆகவே அதைத் தூய பொருள் என்று எழுதினாள். தேங்காய் எண்ணெயும் அப்படியே. எங்கள் கொப்பரையைக் கொடுத்து எங்கள் கண்முன்னே ஆட்டி வாங்கி வருகிறோம். உப்பைக் கலவை என்று எழுதியதற்குக் காரணம், பொட்டல உப்பில் அயோடின் சேர்த்திருப்பதாக உறையிலேயே போட்டிருப்பதும், கல்லுப்பைக் கரைத்தால் அடியில் மண் தங்குவதும்தான். ஆனால் விடைத்தாளில் தேனும் எண்ணெயும் கலவையாம், உப்பு சேர்மமாம். கண்முன்னே எடுத்த தேன் தூய்மையற்றது, மண்ணோடு வாரிய உப்பு தூயது என்றால், எந்த அளவுகோலை வைத்து இதைச் சொல்கிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் அவளுக்கு நான் எடுத்துச் சொல்லும் அளவில் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1
பதிந்தவர்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், நாகர்கோவில்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மகள் தவறு செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் செய்த தவறு, முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், சோம்பலால் வரும் தவறு அன்று. கடைத்தெருவில் 'சுத்தம்' என்றால் கலப்படம் இல்லை, வெளியிலிருந்து யாரும் எதையும் சேர்க்கவில்லை என்று பொருள். வேதியியலில் 'தூய பொருள்' என்றால், அதை எங்கே எடுத்தாலும், எவ்வளவு நுணுக்கிப் பார்த்தாலும், ஒரே வகைத் துகள்தான் இருக்க வேண்டும். தனிமமும், தனிமங்கள் மாறா விகிதத்தில் வேதியியல் முறையில் இணைந்த சேர்மமும் இந்த வகை; பல பொருள்கள் அப்படி இணையாமல் வெறுமனே சேர்ந்திருப்பது கலவை. யார் சேர்த்தார்கள் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. தேனீயே சேர்த்திருந்தாலும் கலவை கலவைதான்.

தேனை எடுத்துக்கொள்வோம். அதில் ஃபிரக்டோஸ், குளுக்கோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள் முதன்மையாக உள்ளன. அவற்றோடு நீர், சிறிதளவு அமிலங்கள், நொதிகள், மகரந்தம், மணம் தரும் பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றின் விகிதம் நிலையானதன்று. ரப்பர் தளிரின் மதுவைத் தேனீ எடுத்த காலத்தில் ஒரு விதமாகவும், வேறு மரங்கள் பூத்த காலத்தில் வேறு விதமாகவும் இருக்கும். நம் நாட்டு உணவு விதிகள் தேனில் 20 விழுக்காடு வரை நீர் இருக்கலாம் என்கின்றன. ஒரு சேர்மத்தைப் பற்றிப் பேசும்போது இந்த 'வரை' என்ற சொல்லுக்கே வேலையில்லை. நீர் என்றால் ஒரு கிராம் ஹைட்ரஜனுக்கு எட்டு கிராம் ஆக்சிஜன். பேச்சிப்பாறை அணையின் நீரைக் காய்ச்சி வடித்தாலும், கடல்நீரைக் காய்ச்சி வடித்தாலும் அந்தக் கணக்கு மாறாது. இந்த மாறா விகிதத்தை 1799-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் புரூஸ்ட் எடுத்துரைத்தார். மாறா விகித விதி என்று நம் பாடநூல்களில் வருவது அதுதான்.

உங்கள் சித்தப்பாவின் தேன் பாட்டிலில் சில மாதங்கள் கழித்து அடியில் வெளிறிய குருணை படிவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைக் கண்டு 'சீனிப்பாகு கலந்த தேன்' என்று சந்தேகப்பட்டு நல்ல தேனைக் கொட்டிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே குளுக்கோஸ் மட்டும் படிகமாகிப் பிரிந்து நிற்கிறது. ஃபிரக்டோஸ் மேலே நீர்மமாகவே இருக்கிறது. யாரும் தொடாமல், எந்த வேதிவினையும் இல்லாமல், தேன் தானாகவே தன்னைப் பிரித்துக் காட்டுகிறது. கலவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சோதனை சொல்கிறேன். தூய பொருளுக்கு உறைநிலை ஒரு புள்ளி. கலவைக்கு அது பெரும்பாலும் ஒரு நெடுக்கம். பனிக்கட்டி உருகும்போது கடைசித் துணுக்கு கரையும்வரை வெப்பமானி பூச்சியத்திலேயே நிற்கும். எண்ணெயோ ஏறத்தாழ 24, 25 டிகிரி செல்சியஸில் கலங்கத் தொடங்கி, முதலில் நூல் போன்ற வெண்மையும், பிறகு குருணையும், நடுவில் இன்னும் உறையாத நீர்மமுமாகச் சிறிது சிறிதாக இறுகும். லாரிக் அமிலம் ஏறக்குறையப் பாதியளவு இருந்தாலும், மற்ற கொழுப்பு அமிலங்களும் வெவ்வேறு விதமாகச் சேர்ந்து உருவான பலவகைக் கொழுப்புகளின் கூட்டம் அது. ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது உறைகிறது. ஒரு சிறு சீசாவைக் குளிர்பெட்டியின் கதவுப் பக்கத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உப்பு. இதில் நான் உங்கள் மகளின் பக்கம் நிற்கிறேன். நம் குமரி மாவட்டத்துப் புத்தளத்திலோ தாமரைக்குளத்திலோ உப்பளத்தில் நடப்பதைப் பாருங்கள். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன; அதில் முக்கால் பங்குக்கு மேல் சோடியம் குளோரைடு. வெயிலில் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பு வகையும் பிறகு ஜிப்சமும் படிகின்றன. அவை படிந்த பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிய நீரில்தான் நாம் உண்ணும் உப்பு விளைகிறது. கடைசியில் மெக்னீசிய உப்புகள் நிறைந்த கசப்பு நீர் மிஞ்சும்போது அதை வடித்துவிடுகிறார்கள். வடித்தாலும் படிகங்களுக்கிடையில் அதன் ஈரம் ஒட்டிக்கொண்டே வரும். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிகிறதே, காற்றின் ஈரத்தை இழுக்கும் அந்த மெக்னீசியம் குளோரைடுதான் அதற்கு முக்கியக் காரணம். சோடியம் குளோரைடு மட்டும் இருந்தால் அவ்வளவு எளிதில் கசியாது. ஆக, ஜாடியில் இருப்பது கலவை என்று உங்கள் மகள் எழுதியது ஜாடியைப் பொறுத்தவரை சரி. வினாத்தாள் 'உப்பு' என்று எழுதிவிட்டு 'சோடியம் குளோரைடு' என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. வினா அமைத்தவர் அந்தப் பெயரையே எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது.

வேடிக்கை என்னவென்றால், சமையலறையில் வேதியியலின் அளவுகோலுக்கு மிக அருகில் வரும் பொருள்களுள் ஒன்று, யாரும் சுத்தம் என்று புகழாத வெள்ளைச் சீனி. நன்கு சுத்திகரித்த சீனியில் 99 விழுக்காட்டுக்கு மேல் சுக்ரோஸ் என்ற ஒரே சேர்மம். அதே சுக்ரோஸ் அக்கானியில் (பதநீரில்) நீரோடும் பிறவற்றோடும் கரைந்து கிடக்கிறது; காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டியிலும் தாது உப்புகளோடும் நிறம் தரும் பொருள்களோடும் சேர்ந்தே இருக்கிறது. கருப்பட்டிக்கு மணமும் நிறமும் வருவதே அது கலவையாக இருப்பதால்தான். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் கருப்பட்டிக் காப்பிதான். வேதியியல் அங்கே குறுக்கிடாது.

மறுமொழி 2
பதிந்தவர்: தேர்வு எழுதும் மாணவன், கருங்கல்

ஆசிரியர் ஐயா சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் பொதுத் தேர்வில் உப்பு என்று வந்தால் சேர்மம் என்றுதான் எழுத வேண்டும். கலவை என்று எழுதிவிட்டு விளக்கம் சொல்ல அங்கே யாரும் அமர்ந்திருக்க மாட்டார்கள். 916 தங்க மோதிரத்துக்குக் கலவை என்றும், வெறுமனே தங்கம் என்று கேட்டால் தனிமம் என்றும் எழுதுமாறு எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

மறுமொழி 3
பதிந்தவர்: ரப்பர் விவசாயி, குலசேகரம்

ரப்பர் பாலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். நான் வேதியியல் படித்தவனல்லன். இருபது ஆண்டுகளாகப் பால் வெட்டி ஷீட் அடிப்பவன்.

விடியற்காலையில் வெட்டிய பால் சிரட்டையில் நிறைந்ததும் வாளியில் சேர்த்து, சல்லடையில் வடிகட்டி, தண்ணீர் விட்டுக் கலக்கித் தட்டுகளில் ஊற்றுவோம். அதில் நீர்த்த ஃபார்மிக் ஆசிட்டை விட்டுக் கிளறி, மேலே வரும் நுரையை ஓலைத் துண்டால் வழித்து எடுத்துவிட வேண்டும். நுரையை விட்டுவிட்டால் ஷீட்டில் குமிழ் விழும், தரம் இறங்கும். சில மணி நேரத்தில் பால் இறுகி, விரலால் அழுத்தினால் இட்லி போல் மீண்டு எழும்பும்; சுற்றிலும் மங்கலான தெளிநீர் பிரிந்து நிற்கும். அதை ரோலரில் கொடுத்துப் பிழிந்து, வெயிலிலும் புகைக்கூட்டிலும் காயவைத்தால் ஷீட்.

பாலாகவே விற்பவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. வாங்குபவர் மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பர் என்று பார்த்துத்தான் காசு தருவார். ஒரு மரத்தில் 40-ஐத் தொடும், இன்னொன்றில் 30-க்கே திணறும். மழைக்காலத்துப் பால் பெரும்பாலும் நீர்த்துத்தான் இருக்கும். ஆசிரியர் சொன்ன மாறா விகிதம் ரப்பர் பாலில் இருந்திருந்தால் எங்களுக்கு வாங்குபவரோடு வாக்குவாதமே இருந்திராது. ஆகவே கலவைதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

என் ஐயம் வேறு. கலவையை இயற்பியல் முறையில் பிரிக்கலாம், சேர்மத்தை வேதியியல் முறையில்தான் பிரிக்க முடியும் என்று என் மகனின் நோட்டில் எழுதியிருக்கிறது. நாங்கள் ஆசிட் விட்டல்லவா பிரிக்கிறோம்? அப்படியானால் அந்த விதிப்படி ரப்பர் பால் சேர்மம் என்று ஆகிவிடாதா? அந்தப் பிள்ளையும் இப்படி நினைத்துத்தான் எழுதியிருப்பாளோ என்று தோன்றுகிறது.

மறுமொழி 4
பதிந்தவர்: மணவாளக்குறிச்சிக்காரன்

பட்டியலில் இல்லாவிட்டாலும், கலவை என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் காட்ட எங்கள் ஊர்க் கடற்கரை மணலைவிட நல்ல பொருள் இந்த மாவட்டத்தில் கிடையாது என்பது என் கருத்து. அலை வந்து திரும்பிய இடத்தில் கரும்பட்டையாகக் கிடக்கும் மணலை ஒரு கைப்பிடி அள்ளி, நன்றாக உலர்த்தி, வெள்ளைத் தாளில் பரப்புங்கள். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்த வலிய காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மணலுக்கு மேல் ஒட்டி ஒட்டிக் கொண்டுபோனால், கருமணல் மீசை முளைத்தது போல் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதில் பெரும்பகுதி இல்மனைட் என்ற கனிமம். உறைக்குள்ளிருந்து காந்தத்தை உருவினால் அத்தனையும் ஒரே கொத்தாக உதிரும். உறை இல்லாமல் காந்தத்தை நேராக மணலில் வைத்தால், பிறகு அதைத் துடைத்து எடுப்பதற்குள் அன்றைய பொழுது போய்விடும், பட்டவன் சொல்கிறேன்.

தாளில் மிஞ்சுவதில் வெண்மணல், இளஞ்சிவப்புக் கார்னெட், சிர்க்கான், ரூட்டைல், சில்லிமனைட், தேன் நிறத்து மோனசைட் என்று பலவும் இருக்கும். இங்குள்ள இந்திய அருமணல் ஆலையில் நடப்பதும் அடிப்படையில் இதுவே: எடை வேறுபாட்டால் ஒன்று, காந்தத்தால் ஒன்று, மின்னைக் கடத்துகிறதா இல்லையா என்பதால் ஒன்று எனப் பல சுற்றுகளில் பிரிக்கிறார்கள். எந்த மணியும் தன் இயல்பை இழப்பதில்லை. இந்தக் கதை தொடங்கியதும் ஒரு கலவையால்தான். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு; அக்காலத்தில் விளக்கு வலைகளுக்கு அது வேண்டியிருந்தது. ஏறத்தாழ 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்டது அந்த வலை. தோரியம் ஆக்சைடு மட்டும் இருந்தால் மங்கலாகத்தான் எரியும். அந்த ஒரு பங்குக் கலப்பால்தான் நம் வீட்டுக் கல்யாணங்களில் பெட்ரோமாக்ஸ் வெண்மையாக ஒளிர்ந்தது.

சோதனைக்கு ஒரு கைப்பிடி போதும். பார்த்து முடித்ததும் கரையிலேயே போட்டுவிடுங்கள். மோனசைட் கதிரியக்கம் உடையது, வீட்டில் சேர்த்து வைக்கும் பொருளன்று.

ஆசிரியரிடம் ஒரு கேள்வி. இல்மனைட் மணியை இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம் என்று சொல்லிவிடலாம். மோனசைட் மணிக்குள் சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம் எல்லாம் பாஸ்பேட்டாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் விகிதம் கரைக்குக் கரை மாறுகிறது. காந்தத்தாலும் சல்லடையாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்துத்தான் பிரிக்க முடியும். இது கலவையா, சேர்மமா?

மறுமொழி 5
பதிந்தவர்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், நாகர்கோவில்

குலசேகரத்து நண்பருக்கு முதலில். ஆசிட் ரப்பரை உண்டாக்குவதில்லை. பாலில் ரப்பர் ஏற்கெனவே மிக நுண்ணிய உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை ஒன்று எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் நிற்கின்றன. ஆசிட் அந்த மின்னூட்டத்தைக் குலைக்கிறது, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் ஆசிட் விடாமலே சிரட்டையில் மிஞ்சிய பால் மறுநாள் ஒட்டுப்பாலாகத் திரண்டு கிடக்கிறதல்லவா? நுண்ணுயிர்கள் புளிப்பேற்றி உங்கள் வேலையைச் செய்துவிடுகின்றன. எலுமிச்சைச் சாறு விட்டால் பசும்பால் திரிவதும் பெரும்பாலும் இவ்வகையே. உறையில் நடப்பது வேதியியல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் உள்ளிருக்கும் ரப்பர் மூலக்கூறு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஆலைகளில் ஆசிட் இல்லாமல், பாலை வேகமாகச் சுழற்றியே 60 விழுக்காடு ரப்பர் கொண்ட கெட்டிப் பாலாக்குகிறார்கள். தயிர் கடைந்து வெண்ணெய் எடுப்பது போன்ற இயற்பியல் முறை அது. அந்த முறையிலேயே கூறுகளாகப் பிரிந்துவிடும் பால் சேர்மமாக இருக்க முடியாது. பாடநூலின் சொற்படி ரப்பர் பால் ஒரு கூழ்மம், அதாவது நுண்துகள்கள் கரையாமல் பரவி மிதக்கும் ஒரு வகைக் கலவை. உங்கள் மகனின் நோட்டில் 'இயற்பியல் முறையில் பிரிக்கலாம்' என்ற வரியோடு, 'பிரித்த பின்னும் கூறுகள் தம் இயல்பை இழப்பதில்லை' என்ற வரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எனக்கு முன்னதைவிடப் பின்னதே முக்கியம்.

மணவாளக்குறிச்சி நண்பரின் கேள்வி ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியது. என்றாலும் நல்ல கேள்வி. மோனசைட்டில் பாஸ்பேட்டுக்கு உரிய இடங்கள் மாறுவதில்லை. உலோக அயனிக்கு உரிய இடத்தில் சீரியம் அமரலாம், லாந்தனம் அமரலாம், தோரியமும் அமரலாம். ஏறத்தாழ ஒரே பருமன் உடையவை என்பதால் படிகம் ஒன்றையொன்று மாற்றி ஏற்றுக்கொள்கிறது. இதைத் திண்மக் கரைசல் என்பார்கள். புரூஸ்ட்டின் விதியை அவர் காலத்திலேயே எதிர்த்தவர் பெர்த்தோலே என்ற இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர். சேர்மங்களின் இயைபு, அதாவது கூறுகளின் விகிதம், மாறக்கூடும் என்பது அவர் வாதம். பெரும்பாலான பொருள்களில் புரூஸ்ட்டே வென்றார். ஆனால் மாறும் இயைபுடைய திண்மங்கள் பின்னாளில் பலவாகக் கண்டறியப்பட்டபோது, அவற்றுக்குப் பெர்த்தோலேயின் பெயரையே வைத்தார்கள். கலவை, சேர்மம் என்ற இரண்டு பெட்டிகளும் நாம் செய்து வைத்தவை; மோனசைட் அவற்றுக்கு நடுவில் கிடக்கிறது. பிள்ளைகளிடம் இதை இப்போதே சொல்லிக் குழப்ப வேண்டாம், கேட்கும் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம்.

கருங்கல் மாணவருக்கு: தேர்வுக்கு நீங்கள் சொன்னதே வழி. அடைப்புக்குறிக்குள் 'சோடியம் குளோரைடு' என்று எழுதிவிட்டால் எந்தத் திருத்துநரும் மதிப்பெண்ணில் கை வைக்க மாட்டார்.

மறுமொழி 6
பதிந்தவர்: தக்கலை அம்மா

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்கள் வீட்டு அடுக்களை ஆய்வகமாகவே இருந்தது.

எண்ணெய்ச் சீசாவைக் குளிர்பெட்டியில் வைத்து அவள் தன் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே இருந்தாள். ஐயா சொன்னபடி முதலில் கலங்கலும், பிறகு கண்ணாடி ஓரமாக வெண்மையான குருணையும் வந்தன. நடுவில் நீர்மமாகவே நெடுநேரம் நின்றது. தேனுக்குச் சோதனையே தேவைப்படவில்லை. சென்ற ஆண்டுத் தேன் பாட்டிலை எடுத்து வந்து காட்டினேன். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உறைந்து கிடந்தது. இதைத்தான் நான் கலப்படமோ என்று நினைத்துச் சித்தப்பாவிடம் கேட்காமல் அலமாரியின் பின்னால் ஒதுக்கி வைத்திருந்தேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். கல்லுப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, மொட்டைமாடியில் தட்டில் ஊற்றி வைத்தோம். இரண்டாம் நாள் சிறு சிறு சதுரப் படிகங்கள் வந்தன. ஓரத்தில் மட்டும் வற்றாமல் சிறிது நீர் நின்றது. அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்த சுளிப்பைப் பார்த்ததும் கசப்பு நீர் என்றால் என்னவென்று எனக்கும் விளங்கிவிட்டது. மணலுக்கு அடுத்த விடுமுறையில் போவதாக இருக்கிறோம். உறையை மறக்க மாட்டோம்.

விடைத்தாளின் ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: 'சோடியம் குளோரைடு என்றால் சேர்மம். எங்கள் வீட்டு ஜாடியில் இருப்பது என்றால் கலவை.' திங்கட்கிழமை அதை ஆசிரியையிடம் காட்டியபோது அவர் சிறிது நேரம் படித்துப் பார்த்துவிட்டு, உப்புக்கு மட்டும் அரை மதிப்பெண் போட்டுத் தந்தாராம். தேனுக்குக் கேட்கவில்லையா என்றேன். "அது என் தப்புதான், அம்மா" என்றாள்.